கதவில் சாய்த்த விளக்குமாறு

கயானியில் கதவுகளுக்குப் பூட்டு உண்டு.
ஏரிக்கரை மரவீடுகளுக்கும் உண்டு;
சாவி எந்த டிராயரில் என்பதுதான்
யாருக்கும் நினைவில்லை.
வீட்டில் ஆள் இல்லையென்றால்
கதவின் குறுக்கே ஒரு விளக்குமாற்றைச்
சாய்த்துவிட்டுப் போவார்கள்.
அவ்வளவுதான்.
பூனை உரசினாலும் விழும்.

மெர்வி எழுதும் நிரலும் அப்படித்தான்.
கொதிகலன் என்றொரு வகுப்பு.
அதற்குள், வெளியாருக்கு இல்லாத செயல்முறையின்
பெயருக்கு முன்னால் ஒரே ஓர் அடிக்கோடு:
_அழுத்தம்_தணி
பைத்தான் அதற்குக் காவல் நிற்காது.
யார் கூப்பிட்டாலும் வரும்.
அந்தக் கோடு இயந்திரத்துக்கு எழுதியதல்ல,
வாசிக்கிறவருக்கு.

ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
யார்னோவுக்கு இரவுப்பணி.
முன்வாசல் வழியே போனால்
மூன்று உணரிகளும் சரி சொல்லும்வரை நிற்க வேண்டும்.
மூன்றாவது உறைந்து கிடந்தது.
அவன் விளக்குமாற்றைக் காலால் ஒதுக்கினான்.
கொதிகலன்._அழுத்தம்_தணி(4)
வேலை செய்தது.
வினை அங்கேதான்:
முதல் தடவை வேலை செய்தது.
விருந்தாளி விட்டுப்போன கையுறை மாதிரி
அந்த வரி அங்கேயே தங்கிவிட்டது.
மறுநாள் அதைப் படித்துப்
பச்சைக்குறி போட்டவள் நான்.

மார்ச்சில் மெர்வி தன் உள்ளறையில்
நாற்காலிகளை மாற்றிப் போட்டாள்.
பாரில் இருந்த கணக்கைக் கிலோபாஸ்கலுக்குக் கொண்டுபோனாள்.
அவள் வீடு, அவள் நாற்காலி.
வாசலில் ஓர் எழுத்தும் மாறவில்லை.
சோதனைகள் எல்லாம் தேறின.
நாலு பார் என்று யார்னோவின் வரி கேட்டது,
நாலு கிலோபாஸ்கல் என்று கொதிகலன் எடுத்துக்கொண்டது.
வால்வு திறந்தது, திறந்தது,
திறந்துகொண்டே இருந்தது.
தொடக்கப்பள்ளியில் அன்று
பிள்ளைகள் கோட்டைக் கழற்றாமல்
வகுத்தல் கணக்குப் போட்டார்கள்.

காரணத்தை விளக்குமாறு
மேலிடத்திலிருந்து மடல் வந்தது.

பிர்யோ மேசையைத் தட்டினாள்:
இரண்டு கோடு போட்டுப் பூட்டு.

இரண்டு கோடு பூட்டல்ல, என்றாள் மெர்வி.
போட்டால் பைத்தான் பெயரையே மாற்றி எழுதும்,
முன்னால் வீட்டுப்பெயரை ஒட்டி:
_கொதிகலன்__அழுத்தம்_தணி
மகள் வகுப்பு தெரியாமல் அதே பெயரை வைத்துவிட்டால்
தாயும் மகளும் மோதிக்கொள்ளாமல் இருக்கத்தான் அது.
வீட்டுப்பெயர் தெரிந்தவர் அப்போதும் நுழையலாம்.
யார்னோவுக்குத் தெரியாதா,
பக்கத்து மேசைக்காரன்.

யாரோ சிரித்தார்கள். யார்னோ இல்லை.
நான் என் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் அவனிடம் கேட்டாள்,
குளிரில் வந்து நின்றவனிடம் கேட்கிற குரலில்:
முன்வாசலில் ஏன் நிற்க முடியவில்லை?

மூன்றாவது உணரியைப் பற்றிச் சொன்னான்.
அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.
யாரும் கேட்டதில்லை.

அன்று மாலையே ஒரு புதுக் கதவு வைத்தாள்,
கோடில்லாத பெயரில்: அவசரத்தணிப்பு.
இரண்டு உணரி போதும்,
அளவைச் சொன்னால் அலகையும் சொல்லவேண்டும்.
உள்ளே இருந்தது உள்ளேயே இருந்தது,
பழைய ஒற்றைக் கோட்டோடு.
இரண்டாவதை அவள் கடைசிவரை போடவில்லை.

ஜூலையில் எங்களை ஏரிவீட்டுக்கு அழைத்தாள்.
நான் போனபோது யார்னோ
படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்திருந்தான்.
இரண்டு மணி நேரமாம்.
கழுத்தெல்லாம் கொசுக்கடி.
ஜன்னல் வழியே காப்பி டப்பா தெரிந்தது.
கதவு பூட்டவில்லை.
குறுக்கே விளக்குமாறு.

உள்ளே போயிருக்கலாமே, என்றேன்.
அவன் கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
இன்னொரு கொசுவை அடித்தான்.

மெர்வி மீன்பையோடு வந்தாள்.
தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கவில்லை.
விளக்குமாற்றை எடுத்தாள்,
சுவரோரம் சாய்ப்பாள் என்று நினைத்தேன்.
வாசலில் உதிர்ந்து கிடந்த பைன் ஊசிகளைப்
பெருக்கத் தொடங்கினாள்.